கடல் தாண்டிய தீர்ப்பு

"கூரியர் இன்னும் வரலை சார். உங்க தங்கச்சி அங்கேருந்து அனுப்பி ஒன்பது நாளாச்சு. நான் என்னதான் பண்ணட்டும்?"

வக்கீலம்மா கறுப்புக் கோட்டில் ஒரு கையை நுழைத்தபடியே நின்றார். மணி பத்து பத்து. "அந்தக் கேஸ் விஷயமா வந்திருக்கேன்" என்று மட்டும்தான் வந்தவர் சொல்லியிருந்தார். விமானத்திலிருந்து இறங்கி நேராக வந்திருக்க வேண்டும். பெட்டியில் தொங்கிய அட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"பன்னிரண்டு மணிக்கு அந்த வீட்டை வேற ஒருத்தர் பேருக்கு எழுதப் போறாங்க. பதிவு ஆபீஸ்ல டோக்கன் போட்டாச்சு. கைமாறிட்டா, அப்புறம் நாம தலைகீழா நின்னாலும் ஒண்ணும் நடக்காது."

"அதுக்குள்ள தடை வாங்க முடியாதாம்மா?" அவர் கேட்டார்.

"எதை வெச்சு வாங்கறது? புருஷனோட சொத்தை வித்துப் பெண்டாட்டிக்கும் பொண்ணுக்கும் ஜீவனாம்சம் கொடுக்கணும்னு அந்த நாட்டுக் கோர்ட் தீர்ப்பு சொல்லியாச்சு. அந்தத் தீர்ப்பு இங்க இருக்கிற வீட்டு மேல பாயணும்னா, அந்தக் கோர்ட் சீல் போட்ட நகல் வேணும். வெறும் ஜெராக்ஸை நீட்டினா நீதிபதி கையால தொடக்கூட மாட்டார்."

வந்தவர் சட்டைக்குள் கைவிட்டு, நாலாக மடித்த காகிதக் கற்றையை எடுத்து நீட்டினார். மடிப்புகள் நைந்திருந்தன. கடைசிப் பக்கத்தில் சிவப்பு சீல் பளிச்சென்று இருந்தது.

"அட! இது உங்ககிட்ட எப்படி?"

"தீர்ப்பன்னிக்கு ரெண்டு நகல் கொடுத்தாங்கம்மா. ஒண்ணு அவகிட்ட இருந்துச்சு. இன்னொண்ணு இது."

வக்கீலம்மாவுக்கு மேலே கேட்க நேரமில்லை. கோட்டின் மறு கையை நடந்துகொண்டே மாட்டினார். குமாஸ்தா கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் ஓடினார்.

சாலையைக் கடக்கும்போதும் வக்கீலம்மாவின் வாய் ஓயவில்லை. "புருஷனாம் புருஷன்! கேஸ் நடக்கும்போதே வீட்டைத் தம்பி பேருக்கு மாத்திட்டு, எனக்குன்னு ஒண்ணுமே இல்லைன்னு அங்க கையை விரிச்சிருக்கான். இப்ப அந்தத் தம்பி, வீடே என்னோடதுதான்னு வித்து ஏப்பம் விடப் பாக்கிறான். அந்த ஆளுக்கு நல்லா வேணும். அந்தச் சின்னப் பொண்ணு என்ன சார் பாவம் பண்ணுச்சு?"

 வந்தவரின் நடை வேகமானது.

"பொண்ணு எப்படி இருக்கா?"

"போன வாரம் போய்ப் பார்த்தேம்மா. சலவைக்கடைக்கு மேல ஒரே ரூம். மாடிப்படியில உக்காந்து பாடம் எழுதிட்டிருந்தா. நான் போய் முன்னால நிக்கிறேன், 'உங்களுக்கு யாரு வேணும்?'னு கேக்கறா."

"அடக் கடவுளே, தாய்மாமனையே தெரியலையா!"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில்தான் காரணம் என்று வக்கீலம்மா நினைத்தார்.

அவர்கள் வழக்கைக் கூப்பிடும்போது மணி பதினொன்றரை. நீதிபதி நகலைப் புரட்டினார். சீலை விரலால் தடவிப் பார்த்தார்.

"தீர்ப்பு சரியா இருக்கு. ஆனா வீடு பிரதிவாதி பேர்ல இல்லையேம்மா. தம்பி பேர்ல முறையா கிரயம் ஆகியிருக்கே?"

"ஐயா, அது வெறும் பேருக்கு எழுதின பத்திரம். காசு கைமாறவே இல்லை."

"நீங்க சொன்னாப் போதுமா? சாட்சி இருக்கா?"

வக்கீலம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு இன்னும் பதினேழு நிமிடம். குமாஸ்தா பெருமூச்சு விட்டபடி கோப்பைக் கட்டத் தொடங்கினார்.

"நான் சொல்றேங்கய்யா!"

பின் பெஞ்சிலிருந்து எழுந்த வேகத்தில் வந்தவரின் பெட்டி சரிந்து விழுந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கூண்டில் ஏறினார். சத்தியம் செய்தார்.

"ஒரு காசுகூடக் கைமாறலைங்கய்யா. கேஸ் முடிஞ்சதும் திருப்பி எழுதித் தர்றதாத்தான் பேச்சு. பத்திரத்துல போட்ட தொகையெல்லாம் சும்மா."

"கூண்டுல நின்னு பொய் சொன்னா ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும். தெரியுமா?"

"தெரியுங்கய்யா. உண்மையைச் சொன்னாலும் போக வேண்டியிருக்கும்."

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை உற்றுப் பார்த்தார். பிறகு எழுத்தர் பக்கம் திரும்பினார்.

"பதிவு ஆபீசுக்குப் போன் போடுங்க. நான் சொல்ற வரைக்கும் அந்தப் பத்திரத்துல யாரும் கை வைக்கக் கூடாது."

குமாஸ்தா கட்டிய கோப்பை மறுபடி அவிழ்த்தார்.

நீதிபதி பேனாவைத் திறந்தார். "சரி, வாக்குமூலத்தை எழுதிக்கலாம். நீங்க அந்தம்மாவுக்கு என்ன வேணும்? அண்ணனா?"

"இல்லீங்கய்யா. நான்தான் பிரதிவாதி."