மூன்றாம் முறை வந்த பேனா

லேத்தை நிறுத்தினாள்.

கையில் ஒட்டியிருந்த கருப்புத் தூளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். கூரியர் நஞ்சப்பன் நின்றிருந்தார். சின்ன அட்டைப்பெட்டி. நாகர்கோவில் முகவரி.

"இந்தப் பேனாவுக்கு உங்க வீடுதான் புடிச்சிருக்குதாட்டங்க்கா," என்றார்.

அவள் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக் கதவைச் சாத்தினாள்.

சாத்திய பிறகு சிரித்தாள்.

பெட்டிக்குள் அவள் அந்த லேத்தில் கடைந்த பேனா. கருப்பு எபோனைட் ரப்பர், தட்டையான மூடி. பழுது பார்க்கிறவள் முதலில் பேனாவைத்தான் பார்க்க வேண்டும். அவள் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் தாளைத் தேடினாள்.

தாள் இருந்தது.

அது அவள் போட்ட சட்டம்தான். விற்கிற ஒவ்வொரு பேனாவோடும் ஒரு சீட்டு போகும். பழுது என்றால், அந்தப் பேனாவாலேயே ஒரு முழுப் பக்கம் எழுதிப் பேனாவோடு சேர்த்து அனுப்ப வேண்டும். என்ன எழுதினாலும் சரி. நாலு வரி உதவாது. முதல் நாலு வரியை எல்லாருமே அழகாக எழுதிவிடுவார்கள். அரைப் பக்கம் தாண்டினால்தான் கை தன் சுபாவத்துக்கு வரும். நிப்பு எங்கே கீறுகிறது, எங்கே அடைக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

பதினோரு வருடமாக அந்தச் சட்டத்துக்கு வேலையே வரவில்லை. ஒரு பேனாவும் திரும்பி வரவில்லை. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. வேறு எதில் இருக்கிறது, அதிலாவது இருக்கட்டும்.

பேனா மட்டுமல்ல, ஒரு வார்த்தையும் வந்ததில்லை. வாங்குகிறவர்கள் எல்லாரும் சேகரிப்பாளர்கள். வெல்வெட் பெட்டியில் படுக்க வைத்துப் போட்டோ அனுப்புவார்கள். அந்தப் பேனாவால் என்ன எழுதினார்கள் என்று ஒருவரும் சொன்னதில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டிலிருந்து கல்யாண ஆல்பம் மட்டும் வந்த மாதிரி.

பிறகுதான் அருமைநாயகம் வந்தார். ஆளாக அல்ல, பார்சலாக.

முதல் பக்கத்தில் அவருக்குக் கூச்சம். தன் பெயரை ஆறு தரம் எழுதியிருந்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றதை எழுதியிருந்தார். நாகர்கோவிலில் மழை என்று எழுதியிருந்தார். கடைசி வரியில், 'ழ'வின் சுழியில் மை விட்டுப் போவதைக் கவனிக்கவும்.

லென்ஸ் வைத்துப் பார்த்தாள். எங்கேயும் விட்டுப் போகவில்லை. 'சோதித்தேன். பழுதில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். கோபமாகத்தான்.

இரண்டாம் பக்கத்தில் ரசம் வந்தது. ஒரு ஆளுக்கு ரசம் வைக்க முடியவில்லையாம். எவ்வளவு குறைத்தாலும் மறுநாளைக்கு மிஞ்சுகிறதாம். அதன் கீழே, 'ண' எழுதும்போது கீறுகிறது.

கீறவில்லை. பழுதில்லை என்றே எழுதினாள். ஆனால் தாளைத் தூக்கிப் போடவில்லை. சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அன்றைக்குச் சோறு கொஞ்சம் கூடவே இறங்கியது.

அவர் போன் நம்பர் பெட்டி மேலேயே இருந்தது. கூப்பிட்டு என்ன சொல்வது? புளியைக் குறையுங்கள் என்றா?

அடுத்த பார்சல் வர ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் லேத்தை நிறுத்தினாள்.

இது மூன்றாம் பக்கம்.

'என்னிடம் நாற்பத்தொரு பேனா இருக்கிறது. மை காய்ந்துவிடக் கூடாதென்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ஒவ்வொன்றாலும் ஒரு வரி எழுதுவேன். எழுத என்ன இருக்கிறது? என் பெயரைத்தான் எழுதுகிறேன். நாற்பத்தொரு தடவை. உங்கள் பேனாவால் எழுதினால் மட்டும் பக்கம் நிறைந்துவிடுகிறது. இதை ஒருவர் படித்துத்தானே ஆக வேண்டும்.'

அரைப் பக்கம் தாண்டியிருந்தது. கை தன் சுபாவத்துக்கு வந்திருந்தது.

'பழுதில்லை என்று இரண்டு தடவை எழுதிவிட்டீர்கள். நீங்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். இந்த முறையும் அப்படியே என்றால் இனி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.'

எந்த எழுத்தையும் குறை சொல்லவில்லை.

நிப்பைக் கழுவினாள். மை நிரப்பினாள். தாளில் எட்டு போட்டாள், சுழி போட்டாள். வழுக்கிக்கொண்டு போனது. இவ்வளவு நல்ல பேனாவை அவளே நினைத்தாலும் இன்னொரு தடவை கடைய முடியாது.

பழுதில்லை. அதுதான் உண்மை. அந்த ஒரு சொல்லை எழுதினால் முடிந்தது. நாகர்கோவிலும் முடிந்தது.

பழுது என்று எழுதினால்?

சேகரிப்பாளர்கள் தங்களுக்குள் எல்லாவற்றையும் பேசிக்கொள்கிறவர்கள். அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு போதும், பதினோரு வருடப் பெயர் போய்விடும். அவள் கைக்கு அவளே செய்கிற துரோகம்.

உட்கார்ந்திருந்தாள். லேத்து நின்றுவிட்டால் அந்த வீட்டில் வேறு சத்தம் கிடையாது. தனியாக இருந்து பழகிவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொல்வாள்.

பழகவில்லை.

புதுச் சீட்டு ஒன்றை எடுத்தாள். அவருடைய பேனாவாலேயே எழுதினாள்.

'பழுது இருக்கிறது. தவறு என்னுடையது.'

கை நின்றது. அடித்துவிடலாமா என்று பார்த்தாள். அடிக்கவில்லை.

'ஒரே தடவையில் சரியாகாது. மாதம் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்.

பேனாவை அனுப்ப வேண்டாம்.'