பூனை கிழிக்காத வலை

“சண்டை முடிஞ்சா யாழ்ப்பாணம் போயிடுவன். யன்னலுக்கு நைலோன் வலையே போதும்.”

கண்டிக்கு வந்த புதிதில் தவமணி டீச்சர் சொன்னது நவரட்ணராஜாவுக்கு நினைவிருந்தது. டீச்சரின் பூனை வலையைக் கிழிக்கும்போதெல்லாம் வத்தேகமவிலிருந்து வந்து மாற்றிக் கொடுப்பவர் அவர்தான். அவரும் தனியாள், டீச்சரும் தனியாள்.

இன்று டீச்சர் உறுதியாகச் சொன்னார்: “பூனை கிழிக்காத கம்பிவலை வேணும்.”

“சண்டை இன்னும் முடியேல்லையே, டீச்சர்?”

“அது முடியிறபோது முடியட்டும். நான் போகேல்லை.”

“அப்ப இனி என்னைக் கூப்பிடத் தேவையிருக்காது.”

முகம் வாடியபடி அளவுநாடாவை எடுத்து யன்னலருகே போனார்.

“அந்த யன்னல் இல்லை.”

“வேறை எது?”

“உங்கட வத்தேகம வீட்டு யன்னல். இவ்வளவு காலமும் கேக்காமல் வைச்சிருந்தன், இப்ப கேக்கிறன். என்னைக் கலியாணம் கட்டுவீங்களோ? பூனையும் கூட வரும்.”