ஒடிசாவிலிருந்து வந்த கையெழுத்து

திருப்பூருக்குத் தண்ணீர் அனுப்புவதை இந்த மாதத்தோடு நிறுத்துகிறார்கள். எல்லோரும் ஊரைக் காலி செய்ய வேண்டும்; எந்த மாநிலத்துக்குப் போகிறோம் என்று திங்கட்கிழமைக்குள் பதிய வேண்டும். போகிற ஊரைச் சேர்ந்த ஒருவர் எங்களை ஏற்பதாகக் கையெழுத்திட வேண்டும். பதினோரு ஊர்களுக்கு எழுதினோம். நாற்பது வருடம் பனியன் கம்பெனி நடத்திய குடும்பம் என்பதையும் குறிப்பிட்டேன். ஒருவரும் ஏற்கவில்லை.

நேற்று ஒடிசாவின் மலைக்கிராமம் ஒன்றிலிருந்து கையெழுத்து வந்தது. போட்டவன் பிரதாப் மாஜி. எங்கள் கம்பெனியில் துணி மடித்தவன்.

"அவங்கிட்டப் போயி நிக்கறதா? வேற ஊர் பாரு," என்றேன்.

"வேற ஊரே இல்லீங்க மாமா," என்றாள் மருமகள் சுகந்தி. "பாப்பா குளிச்சு நாலு நாளாச்சு. அவரு எழுதியிருக்கறதக் கேளுங்க."

வாசித்தாள். "கிணத்துல தண்ணி நெறைய இருக்கு. மூணு ரூம் ஒழிச்சு வெச்சிருக்கேன். மொதலாளி மட்டும் டம்ளர் கொண்டாரட்டும். நாங்க குடிச்சதுல அவரு குடிக்க மாட்டாரு."

"கிண்டலா பண்றான்?"

"இல்லீங்க. கம்பெனில அவங்களுக்குத் தனி டம்ளர்தானுங்களே வெச்சிருந்தீங்க?"

படிவத்தில் ஒடிசா என்று எழுதிக் கையெழுத்திட்டேன். சுகந்தி என் வெள்ளி டம்ளரைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். அதை வெளியே எடு என்று சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன். முடியவில்லை.