வாளித்தலையன்

அந்த ஆள் கடுகுப் பொட்டலத்தைப் பிரித்த விதத்தைப் பார்த்ததுமே கடைக்காரர் வன்னியபெருமாளுக்குச் சந்தேகம் தட்டியது.

தூத்துக்குடியில் மளிகை வாங்குகிறவர்கள் பொட்டலத்தை வீட்டில் போய்ப் பிரிப்பார்கள். இவரோ கடை வாசலிலேயே பிரித்தார். கடுகை அலட்சியமாகத் துணிப்பைக்குள் கொட்டினார். தாளை மட்டும் தொடையில் வைத்து நீவி, முன்னும் பின்னும் உற்றுப் பார்த்து, கசங்காமல் ஓர் அட்டைக்குள் வைத்துக்கொண்டார். தேய்த்த வெள்ளைச் சட்டை, பளபளக்கும் ஷூ.

"பத்து பைசாவுக்குச் சீரகம். தனியா மடிங்க அண்ணாச்சி."

பொட்டலம் மடிக்கிற தாள், கப்பலில் வந்து இறங்கிய சீமைக் கழிவுத் தாள். பக்கத்துக்குப் பக்கம் பொம்மைப் படம். தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு, கால்சட்டைக்கு மேலே ஜட்டி போட்ட ஒரு தொப்பைக்காரன் நாலு பேரை உதைத்துக்கொண்டிருப்பான். பிறந்த தேசத்திலேயே அவனைச் சீந்த ஆளில்லாமல் எடைக்குப் போட்டுவிட்டார்கள். வன்னியபெருமாள் அவனுக்கு வாளித்தலையன் என்று பெயர் வைத்து, அவனுடைய வீரதீரத்தையெல்லாம் மிளகாய்வற்றல் மடிக்கப் பயன்படுத்தினார்.

தாளோடு போயிருந்தால் ஒரு பயமும் இல்லை. துறைமுகத்தில் வேலை பார்க்கும் மச்சான் தயவில், அந்தத் தாள் கட்டுக்கு நடுவேதான் சுங்கத் தீர்வை கட்டாத சீமைக் கைக்கடிகாரங்கள் வந்திருந்தன. ஒவ்வொன்றையும் அதே தாளில் சுற்றியிருந்தார்கள். மனைவி முத்துக்கனியின் இரட்டைவடச் சங்கிலியை விற்றுத்தான் அவற்றை வாங்கியிருந்தார். இப்போது எல்லாம் கருப்பட்டி கட்டிய ஓலைச் சிப்பம் ஒன்றுக்குள் பத்திரமாக இருந்தன.

அவசரநிலைக் காலம் வேறு. கடத்தல்காரன் என்று யாராவது கை நீட்டினால் போதும், உள்ளே போய்விடலாம். வெளியே வருவது எப்போது என்று அந்த ஆண்டவனுக்கே தெரியாது.

மறுநாளும் அந்த ஆள் வந்தார். வன்னியபெருமாள் உஷாராகத் தமிழ்ப் பத்திரிகைத் தாளில் மடித்து நீட்டினார்.

"இது வேண்டாம். அந்தக் கப்பல் தாள்லயே மடிங்க."

வேறு வழியில்லாமல் அதிலேயே மடித்துக் கொடுத்தார்.

"இது எந்தக் கப்பல்ல வந்தது அண்ணாச்சி?"

"யாருக்கு சார் தெரியும்? பழைய பேப்பர்காரன் கொண்டாந்து போட்டான்."

"மிச்சத்தை எங்க வச்சிருக்கீங்க?"

"அவ்வளவுதான் சார். வேற இல்ல."

"இருக்கணுமே!" அந்த ஆள் கடைக்குள் எட்டிப் பார்த்தார். கண் நேராகக் கருப்பட்டிச் சிப்பத்தில் போய் நின்றது. "இன்னும் இருக்கணும். கண்டுபிடிக்காம நான் விடப்போறதில்ல."

அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை வன்னியபெருமாளுக்கு.

"ஏளா, கஸ்டம்ஸ்காரன் மோப்பம் பிடிச்சிட்டான். தாளை வச்சே வாரான், பாத்துக்க. இன்னைக்கோ நாளைக்கோ கடைக்குள்ள பூந்துருவான்."

முத்துக்கனி வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "சங்கிலி போனா போவுது. நீங்க உள்ள போயிட்டா நான் என்ன செய்வேன்? நாளைக்கு ஆடி அமாவாசை. ஊரே கடல்ல பிண்டம் போடப் போவுது. நீங்களும் போய்ப் போட்டுட்டு வாங்க."

விடிந்ததும் வன்னியபெருமாள் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசினார். சிப்பத்தைப் பிரித்துக் கடிகாரங்களைத் தகர டப்பாவுக்கு மாற்றினார். மேலாக இருந்த தங்கமுலாம் கடிகாரத்தை ஆசைக்கு ஒரு தடவை பிரித்துக் காதில் வைத்துக் கேட்டார். அதைச் சுற்றியிருந்த தாளில் ஒரு வழுக்கைத்தலையன் வாளியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இளித்தான்.

"நீ சிரிப்பலே, சிரிப்ப!" என்று அவனைத் திட்டிவிட்டு, அதே தாளில் பழையபடி சுற்றி வைத்தார். டப்பாவோடு கடையின் பெரிய எடைக்கல்லையும் சேர்த்துப் புது வேட்டியில் மூட்டையாகக் கட்டினார்.

கரையெல்லாம் தர்ப்பணக் கூட்டம். பழைய துறைமுகப் பாலத்தின் நுனிக்குப் போனவரைக் காவலாளி நிறுத்தினார்.

"இம்புட்டுப் பெரிய மூட்டையா? யாருக்கு அண்ணாச்சி?"

"எல்லாம் ஒரே நாள்ல போனவங்க தம்பி. கேக்காத, மனசு தாங்காது."

அவர் கண்ணில் நிஜமாகவே நீர் வழிந்ததைப் பார்த்துக் காவலாளி தொப்பியைக் கழற்றினார். மூட்டை தொப்பென்று விழுந்து ஆழத்துக்குப் போயிற்று.

அமாவாசைக்கு மறுநாள் அந்த ஆள் வந்தபோது வன்னியபெருமாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். மடியில் கனமில்லாத தெம்பு.

"வாங்க சார். எங்க வேணும்னாலும் சோதனை போட்டுக்கிடுங்க. சிப்பம் சிப்பமா பிரிச்சுப் பாருங்க."

"சோதனையா? நான் எதுக்கு அண்ணாச்சி சோதனை போடுதேன்?" அந்த ஆள் திருதிருவென்று விழித்தார். பிறகு தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என் பேரு செந்தில்வேல். பள்ளிக்கூடத்துல டிராயிங் மாஸ்டர். யார்ட்டயும் சொல்லிராதீங்க. பயலுவ பொம்மைப் புஸ்தகம் வச்சிருந்தா பிடுங்கிக் கிழிக்கிற ஆளு நான். நானே இதைப் படிக்கேன்னு தெரிஞ்சா மானம் போயிரும்."

அட்டையைத் திறந்தார். மஞ்சள் கறையும் மிளகாய் நெடியுமாகத் தாள்கள் வரிசையாகத் தைக்கப்பட்டிருந்தன.

"வீட்ல கிடந்த பழைய பொட்டலத் தாளையும் பொறுக்கி முழுக் கதையும் சேத்துட்டேன். கடைசிப் பக்கம் ஒண்ணுதான் கிடைக்கல. அதுலதான் வாளியைக் கழத்தி மூஞ்சியைக் காட்டுதான். அது எப்படி இருக்கும்னு தெரியாம எனக்கு உறக்கமே வரமாட்டேங்கு. நீங்க எங்கயாவது பாத்தீங்களா அண்ணாச்சி?"

வன்னியபெருமாள் அப்படியே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பாத்தேன் சார். வழுக்கைத்தலை. நேத்துதான் அவனுக்குப் பிண்டம் போட்டுட்டு வந்தேன்."