திருத்தியவர் பெயர்

"டெஸ்க்டாப் சாஃப்ட்வேரே போதும் மேடம். பழகின கை. பிரவுசர்ல திறந்து வரையற புது சாஃப்ட்வேரெல்லாம் நமக்கெதுக்கு?" என்றார் சீனியர் டிசைனர், மேனேஜரம்மாவிடம்.

அடுத்த நாற்காலியில் இருந்த ஜூனியர் டிசைனருக்குச் சந்தேகம் தட்டியது. செல்போன் ஆப்புகளுக்குத் திரை வடிவமைக்கும் ஆபீஸ் அது. மனுஷன் பகல் பூரா கொட்டாவி விடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவள் அவள்தானே!

"பிரவுசர்ல செஞ்சா யார், எப்போ, எதைத் திருத்தினாங்கன்னு அதுவே பதிஞ்சு வெச்சுக்கும் மேடம். மடியில கனமில்லாதவங்களுக்கு என்ன பயம்?" என்றாள் அவள்.

சீனியர் முகம் சுருங்கிப்போனது. "வேண்டாம்மா" என்றார் மெதுவாக.

மேடம் விடவில்லை. "ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்போம். எல்லாருக்கும் பாஸ்வேர்ட் நீங்களே வெச்சுக் குடுங்க சார்."

சீனியரின் வண்டவாளம் தண்டவாளம் ஏறப்போகிறது என்று அவளுக்கு ஒரே குஷி. பிரசவ லீவு முடிந்து வந்த புதிதில் தூக்கமில்லாமல் தொட்டதெல்லாம் தப்பாகி, "இன்னொரு புகார் வந்தா வேற வேலை தேடிக்கோ" என்று மேடமிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். இப்போது ரெண்டு மாசமாக அவள் வேலையில் ஒரு புகார்கூட இல்லை. கெட்டிக்காரிதான் நான்! அந்தத் தெம்புதான் பேசவைத்தது.

வெள்ளிக்கிழமை. மேடம் இருவரையும் உட்காரவைத்து, பதிவைத் திறந்தார்.

"என்ன சார், உங்க பேர்ல வேலை ரொம்பக் கம்மியா இருக்கே?"

சீனியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"ஆனா நீ!" மேடம் அவள் பக்கம் திரும்பினார். "முதல் நாள் விட்ட தப்பையெல்லாம் மறுநாளே சரி பண்ணியிருக்கே. கோணலான பட்டன், விட்டுப்போன எழுத்து, ஒண்ணு பாக்கியில்ல. அதுவும் தினம் காலையில ஆறு மணிக்கு! கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு எப்படிம்மா முடியுது? இந்த பிரவுசர் சாஃப்ட்வேரையே வாங்கிடுவோம். இனிமே பெரிய வேலையெல்லாம் உனக்குத்தான்."

ஆறு மணிக்கா? நானா? அவள் சீனியரைப் பார்த்தாள். எதுவும் சொல்லாதே என்று அவர் கண்ணைக் காட்டினார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வேலை நிலைத்துவிடும். ஆனால் வெட்கம் பிடுங்கித் தின்றது. போனால் போகட்டும் என்று எழுந்துவிட்டாள்.

"மேடம், காலையில ஆறு மணிக்கு நான் குழந்தையைத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டிருப்பேன். அந்த நேரத்துல கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்ல. என் பாஸ்வேர்ட் தெரிஞ்சவர் இந்த ரூம்ல இன்னும் ஒருத்தர்தான் இருக்கார்."