தாழிக்குள் கண்ணையன்

எலும்பைப் பார்த்ததும் அமுதம் மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த அழுகை அது.

ஏம்பலத்துக் கரும்புக் கொல்லையில் கிணறு வெட்டும்போது கிடைத்த தாழி. உள்ளே மண்ணோடு மண்ணாக ஒரு மண்டை ஓடு, தாடை, நாலைந்து எலும்பு.

பிரெஞ்சுத் துரை ஒருவர் காரில் வந்து இறங்கி, தாழியைத் தட்டிப் பார்த்து, இது ஏசுநாதர் பிறப்பதற்கும் முந்தையது என்று சொல்லிவிட்டார். எடுத்துப்போகப் பெட்டியும் தயாராக இருந்தது.

ஊர் அதை நம்பவில்லை. ஆலை வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூடு நடந்ததிலிருந்தே பிரெஞ்சு சர்க்கார் எதைச் சொன்னாலும் ஊருக்குப் பொய்தான். அன்றைக்குக் காணாமல் போன வேலைநிறுத்தக்காரன் கண்ணையன் எல்லை தாண்டி ஓடிவிட்டான் என்றது சர்க்கார். சுட்டுப் புதைத்துவிட்டார்கள் என்றது ஊர்.

சர்க்கார் சொன்னதுதான் உண்மை என்பது கண்ணையன் பெண்டாட்டி அமுதத்துக்குத் தெரியும். இரண்டு வாய்க்கால் தாண்டினால் இங்கிலீஷ்காரன் எல்லை. அங்கே ஒரு ஊரில் வேறு பெயரில் அவன் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தான்.

நாளைக் காலையில் அவனைப் பிடிக்க இரண்டு பக்கத்துப் போலீசும் சேர்ந்து அந்த ஊரைச் சல்லடை போட்டுத் தேடப் போவதாக, நடவுக்குப் போன இடத்தில் அவள் காதில் விழுந்திருந்தது. செத்தவனை யாரும் தேட மாட்டார்கள்.

தாழியும் பழசு, எலும்பும் பழசு, எழுந்து போ என்று தலைமைச் சிப்பாய் ஆதிமூலம் அதட்டினார்.

"தாழி பழசா இருக்கட்டும் சாமி. அதுக்குள்ள எங்க வூட்டுக்காரரப் போட்டது யாரு?"

கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது. கிணறு வெட்டியவர்கள் கையில் கடப்பாரை இருந்தது. துரை காருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

ஆதிமூலம் லேசுப்பட்ட ஆள் இல்லை. பெண்டாட்டி பேச்சு எடுபடாது, பெற்றவளைக் கூப்பிடு என்றார். உயிரோடு இருக்கும் பிள்ளையைச் செத்தான் என்று பெற்ற வாய் சொல்லாது. அது அவருக்கும் தெரியும், அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

அவன் உயிரோடு இருப்பதைப் பற்றி மாமியாரிடம் அமுதம் ஒரு வார்த்தை மூச்சு விட்டதில்லை. வள்ளியம்மாள் காதில் போட்ட சேதி வில்லியனூர்ச் சந்தையில்தான் போய் நிற்கும். பிள்ளை வருவான், வருவான் என்று கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டு திரிகிறவள், இது என் பிள்ளை இல்லை என்றுதான் சொல்லப் போகிறாள். எல்லாம் பாழ்.

வள்ளியம்மாள் வந்தாள். மருமகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குனிந்து தாடையை எடுத்து முந்தானையால் மண்ணைத் துடைத்தாள். முன்பல் ஒன்று பாதியாக உடைந்திருந்தது. அதையே வெகுநேரம் பார்த்தாள்.

"எம் புள்ளதான். சின்னதுல மாடு முட்டி ஒடைஞ்ச பல்லு. நாந்தான் மஞ்சப் பத்துப் போட்டேன்" என்றாள்.

பிறகு தாடையை மடியில் கிடத்திக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள்.

ஆதிமூலம் தொப்பியைக் கழற்றினார். நாளைக்குத் தேடி யாரும் போக வேண்டாம் என்று பக்கத்துச் சிப்பாயிடம் தணிந்த குரலில் சொன்னார்.

அமுதம் மாமியாரின் தோளில் விழுந்தாள். அவளுக்கு நிஜமாகவே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கண்ணையனுக்கு ஒரு பல்கூட உடைந்ததில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா என்ன?