அப்பாவின் போனுக்குப் புது பேட்டரி

"கீழே வண்டி வந்து நிக்குது. இப்பப் போய் பேட்டரி மாத்துறியே, உனக்கென்ன கிறுக்கா?"

வியன்னாவிலிருந்து வந்திருந்த யாகோதா போட்ட சத்தத்தில், நெகோத்தின் நகரத்து அந்த அடுக்குமாடியே காதைத் தீட்டிக்கொண்டது. அவள் அம்மா ஸ்தோயங்கா அசையவில்லை. ஹேர் டிரையரால் போனின் முதுகைச் சூடாக்கி, உப்பிப்போன பேட்டரியை நெம்பி எடுத்தாள்.

"போற இடத்துல சார்ஜ் தீந்துட்டா உங்கப்பா யார்கிட்டடி போய் நிப்பாரு?"

"அவருக்கு எதுக்கும்மா போன்? டிராம் ஓட்டுறவனைக் கட்டிக்கப்போறேன்னு சொன்னதுலேருந்து, நான் பேச ஆரம்பிச்சாலே கட் பண்ணிடுவாரு."

"அவரு எங்கடி கட் பண்ணாரு? இந்தச் சனியன்தான் பாதிப் பேச்சுல அணைஞ்சுபோகும். சார்ஜ் போட்டுத் திருப்பிக் கூப்பிட்டாரே, மகாராணி எடுத்தீங்களா?"



ஸ்தோயங்கா புது பேட்டரியைப் பொருத்தினாள். கீறல் விழாமலிருக்கத் திரையில் கண்ணாடி ஒட்டி, உறையும் மாட்டி, மகளிடம் நீட்டினாள். "நீயே குடு."

கூடத்தில் மெழுகுவத்தியோடு நின்றவர்கள் வழிவிட்டார்கள். அந்த ஊர் வழக்கப்படி, சவப்பெட்டிக்குள் அப்பாவின் மூக்குக்கண்ணாடியும் சிகரெட்டும் ஏற்கெனவே இருந்தன. அப்பாவின் சட்டைப்பையில் போனை வைத்துவிட்டு, யாகோதா வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

இலையுதிர்காலத்தில் அந்த டிராம்காரனையே கட்டிக்கொண்டு வியன்னாவிலேயே தங்கிவிட்டாள். கல்யாணத்தன்று அப்பாவின் எண்ணுக்கு அடித்துப் பார்த்தாளாம்.

"பேட்டரி புதுசுதான்," என்றாளாம் மாப்பிள்ளையிடம். "அங்க சிக்னல்தான் இல்ல போலிருக்கு."